சமையலறைக்கு மாற்றலாகிப் போன அதிபர்

வெள்ளிக்கிழமை, காலை 6.05. கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்படும் ரயிலில் ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. இரண்டாம் வகுப்பு, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். தூரம் ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீற்றர். கைப்பையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதற்குள் பதினொரு பக்கங்கள்: முதல் பக்கத்தில் ஒரு விண்ணப்பம், மற்றப் பத்துப் பக்கங்களிலும் கையெழுத்துகள்.

யாரைப் பார்க்கப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் பிலோமினா, கொழும்புக்கு வடக்கே உள்ள எங்கள் பெண்கள் கல்லூரியில் பத்தொன்பது வருடங்கள் அதிபராக இருந்தவர். அவர் அதிபராகும் முன்பே நான் அவரிடம் படித்தேன். பிறகு அவருக்குக் கீழே தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்தேன். இப்போது அங்கேயே உப அதிபர். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய துறவற சபையின் தலைவி அவருக்கு மாற்றல் கொடுத்தார். எங்கே என்று ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஏழைப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் சமையல் வேலை.

"சமையலா? அவவுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாதே!" என்றார் எங்கள் கணித ஆசிரியை. எல்லோருக்கும் கோபம். எங்களை யாரோ அடித்துவிட்டதைப் போன்ற கோபம். இப்போதைய அதிபர் வரும் வருடம் ஓய்வு பெறுகிறார். சிஸ்டரை மீண்டும் அனுப்புங்கள் என்று சபைத் தலைவிக்கு விண்ணப்பம் எழுதினோம். அதன் அடியில் சிஸ்டரும் சம்மதம் என்று கையெழுத்து வைத்தால் கேட்பதற்குப் பலம் இருக்கும். அதை வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது.

மாகோ சந்தியில் ரயில் இருபது நிமிடம் நின்றது. கல்ஓயாவில் இறால் வடை வாங்கினேன். நான்கு வடைக்கு இருநூறு ரூபாய். வெலிக்கந்தை தாண்டியதும் காட்டோரம் ஒரு தனி யானை, ரயிலைப் பொருட்படுத்தாமல் புல்லைக் காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டு நின்றது. வாழைச்சேனையில் கருவாட்டுப் பொட்டலங்களோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். பெட்டி முழுவதும் கடல் வாசம்.

பிற்பகல் 2.40. மட்டக்களப்பு நிலையம். குருக்கள்மடத்துக்கு ஓட்டோ பேசினேன். பதினேழு கிலோமீற்றர், இரண்டாயிரம் ரூபாய். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கியது.

"நாங்க பறங்கிச் சனம் மிஸ், போத்துக்கீசர் வழி வந்த ஆக்கள்," என்றார். "அப்பா தச்சு வேல. நான் மரத்த விட்டுட்டு இரும்பப் பிடிச்சிட்டன்." ஓட்டோவின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "படுவான்கரையில ஆரிட்டப் போறீங்க?"

வாவிக்குக் கிழக்குப் பக்கம், சூரியன் எழும் கரை, எழுவான்கரை. மேற்குப் பக்கம், சூரியன் படும் கரை, படுவான்கரை. இந்த இரண்டு பெயர்களும் எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போயின. சிஸ்டர்மாரின் விடுதிக்கு என்றேன்.

"ஓ, மீன் வாங்க வாற சிஸ்டரிட்டயா? வெள்ளிக்கிழமையில காலையில பாதையில வருவா. பேரம் பேசத் தெரியா. மீன்காரன் சொன்ன விலைக்கி வாங்குவா, மறுகா அங்க போய் ஏச்சு வாங்குவா." அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்வி அதிகாரிகளை ஒரு பார்வையில் உட்காரவைத்தவரை ஒரு சமையலறையில் யார் ஏசுகிறார்கள்? கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் பக்கவாட்டில் ஓடின. நான் அந்த ஏச்சைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலை 4.00. குருக்கள்மடம் துறை. வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைக்குத்தான் இங்கே 'பாதை' என்று பெயர். எட்டு மோட்டார் சைக்கிள்கள், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கன்றுக்குட்டி. ஆளுக்கு இருபது ரூபாய். வாவி அசையாமல் கிடந்தது. இருபது நிமிடத்தில் அம்பிளாந்துறை.

அங்கே ஸ்கூட்டியோடு சிஸ்டர் நிர்மலா நின்றார். விடுதியின் பொறுப்பாளர். வயது முப்பத்திரண்டு. ஏழாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவர். அப்போது சிஸ்டர் பிலோமினா அதிபர். அதாவது, முன்னாள் மாணவிதான் இப்போது சிஸ்டருக்கு மேலாளர்.

"எனக்குத்தான் கூச்சம் டீச்சர்," என்றார் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே. "நான் ஒன்று சொன்னால் 'ஓம் சிஸ்டர்' என்று எழும்பிப் போவா. முதல் மாதம் நான் எதுவுமே சொல்லாமல் இருந்து பார்த்தன். அவவே வந்து 'இண்டைக்கு நான் என்ன செய்ய வேணும்?' என்று கேட்டா."

மூன்று கிலோமீற்றர். இரண்டு பக்கமும் வயல் வட்டைகள். மாசி மாத அறுவடை. விடுதி ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம். பக்கத்தில் சிறிய தேவாலயம், பின்னால் சமையலறை, கிணறு. சிஸ்டர் பிலோமினா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். உண்மையாகவே ஓடி வந்தார். பத்தொன்பது வருடங்களில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கட்டிப் பிடித்தபோது மீன் வாடை அடித்தது. மெலிந்திருந்தார். முகம் மட்டும் முன்பை விட இளமையாகத் தெரிந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை, காலை 7.00. எழுந்ததும் சமையலறைக்குப் போனேன். அங்கேதான் யோகாக்காவைப் பார்த்தேன். யோகேஸ்வரி, அறுபது வயது, அம்பிளாந்துறைக்காரி. பன்னிரண்டு வருடமாக இந்தச் சமையலறை அவர் கையில். விபூதிப் பூச்சு, இடுப்பில் செருகிய சேலை, குரல் கிணற்றடி வரை கேட்கும். சிஸ்டர் ஒரு தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கா இது? இருபத்தாறு பிள்ளைகளுக்குக் கறி வைக்கிறமா, முயலுக்குத் தீன் போடுறமா? ரெண்டு வருசமாச் சொல்லுறன், சின்னனா வெட்டச் சொல்லி. உங்கட மண்டைக்குள்ள ஒண்டுமில்லயா கா?"

இந்தப் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசும்போது, நெருங்கியவர்களிடம் இப்படி ஒரு 'கா' போடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்குக் கேட்டது ஏச்சு மட்டும்.

சிஸ்டர், "சரி யோகா, சின்னனா வெட்டுறன்," என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, இவ யார் என்று தெரிஞ்சுதான் பேசுறீங்களா? இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிக்குப் பத்தொன்பது வருசம் அதிபரா இருந்தவ. இவ வந்தால் மந்திரிமாரும் எழும்பி நிப்பாங்க."

யோகாக்கா சிஸ்டரைப் பார்த்தார். "மெய்யா சிஸ்டர்?"

"இருந்தன்," என்றார் சிஸ்டர் மெல்ல.

யோகாக்கா கையிலிருந்த அகப்பையைச் சட்டியின் மேல் வைத்தார். கைகளைக் கழுவினார். வாசல் வழியாகப் போய், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் சமையல் நானும் சிஸ்டரும்தான். பருப்பும் சோறும் ஒரு தேங்காய்ச் சம்பலும். பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்த பிறகு, மூன்று மணிபோல, மாமரத்தின் கீழ் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் கவலையாக இருந்தார்.

"அவவுக்கு ஏன் சொல்லேல்ல சிஸ்டர்?"

"வந்த முதல் நாள் யோகா கேட்டா, சமைக்கத் தெரியுமோ எண்டு. தெரியாது எண்டன். அப்ப வேற என்ன தெரியும் எண்டு கேட்டா. சொல்ல வாய் திறந்தன். என்ர பட்டம், பதவி எல்லாம் வரிசையா நாக்கு நுனிக்கு வந்தது. ஆனா அந்த அடுப்படியில அது ஒண்டும் உதவாது பிள்ளை. ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். பிறகு எல்லாம் சொல்ல வேண்டிய தேவை வரேல்ல."

சபைத் தலைவி அழைத்துச் சொன்ன நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் சுளகைக் கீழே வைத்தார்.

"சிரிச்சிட்டன். பகிடி விடுறா எண்டு நினைச்சன். பகிடி இல்லை எண்டு தெரிஞ்சதும், வெளியில வந்து கோயிலுக்குள்ள போய் இருந்து நல்லா அழுதன். இருபது வயசில வார்த்தைப்பாடு குடுக்கேக்க, எங்க அனுப்பினாலும் போவன் எண்டு சொன்னனான். அப்ப மனசில இருந்தது ஆபிரிக்கா. சமையலறை இருக்கேல்ல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இஞ்ச வந்து மூண்டு மாதம் கடவுளோட சண்டை. இது உம்முடைய குரல் இல்லை, அந்தத் தலைவி மனிசியின்ர குரல் எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்திரம் கழுவினன். கை எரிஞ்சது, முதுகு நொந்தது. பிள்ளைகள் நான் வைச்ச கறியைத் தொடாம எழும்பிப் போவினம். ஒரு நாள், ஏனெண்டு தெரியாது, பருப்பு சரியா வந்திட்டுது. யோகா ருசி பாத்திட்டு 'ம்' எண்டா. அவ்வளவுதான். அண்டைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போய் முழங்காலில நிண்டன். செபம் தன்பாட்டில வந்தது. பத்தொன்பது வருசமும் நான் செபிச்சது, அடுத்த நாள் கூட்டத்துக்கு ஆயத்தம் பண்ணின மாதிரி. இது அப்பிடி இல்லை."

"அப்ப அது கடவுளின்ர அழைப்புத்தான் என்று தெரிஞ்சுதா?"

"இப்பவும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. ஆனா பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பசியோட வந்து 'சிஸ்டர், சாப்பாடு' எண்டு கூப்பிடேக்க, அது ஆரின்ர குரல் எண்டு எனக்குச் சந்தேகம் வாறதில்லை."

அப்போதுதான் உறையைக் கொடுத்தேன். விண்ணப்பத்தை ஒரு முறை படித்தார். கையெழுத்துப் பக்கங்களை நெடுநேரம் படித்தார். ஒவ்வொரு பெயரிலும் விரல் நின்றது. "இவள் இன்னும் சாய்ச்சுத்தான் எழுதிறாள்... இவளின்ர அம்மா சுகமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30. திருப்பலி முடிந்து வந்தபோது சமையலறையில் புகை எழுந்துகொண்டிருந்தது. யோகாக்கா வந்துவிட்டார். நல்ல நீலச் சேலை, தலை வாரிப் பூ வைத்திருந்தார். சிஸ்டரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்க இரிங்க சிஸ்டர். எல்லாம் நான் பாத்துக் கொள்ளுறன்."

'கா' இல்லை. பலகையை அகற்றிவிட்டு, சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு கதிரையைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டிருந்தார். சிஸ்டர் மணலை மீனை எடுக்கப் போனார். யோகாக்கா முந்திக்கொண்டு எடுத்தார். சிஸ்டர் தேங்காய் துருவப் போனார், "வேணா சிஸ்டர், கை நோகும்." சிஸ்டர் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில், உட்காராமல், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றார். என் பக்கம் திரும்பி, "கதிரையைத் திருப்பித் தந்திட்டாய் பிள்ளை," என்றார். கண்டித்துச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பத்து மணிபோல நான் தேநீர்க் கோப்பையை வைக்கப் போனேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னோட கோபமா யோகா?"

"உங்களோட நான் ஆரு கோபிக்க? ஏசின ஏச்செல்லாம் நினைச்சு நினைச்சு எனக்கு நித்திர இல்ல." மீன் செதிலை உரித்துக்கொண்டே பேசியவர் கத்தியை நிறுத்தினார். "அது போகட்டும். நான் கேக்கிறது வேற. ஒண்டும் தெரியா எண்டு எனக்கிட்டச் சொன்னீங்க. நான் நம்பினன். நான் அஞ்சாம் வகுப்போட நிண்ட ஆள் சிஸ்டர். எனக்கிட்டயும் படிக்க ஒரு ஆள் வந்திட்டெண்டு வீட்ட போய்ச் சந்தோசமாச் சொன்னன். இப்ப பாத்தா, நீங்க மனசுக்குள்ள சிரிச்சுக்கொண்டு இரிந்திருப்பீங்க."

சிஸ்டர் யோகாக்காவுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஒரு நாளும் சிரிக்கேல்ல," என்றார். "நான் இஞ்ச படிச்சது உண்மை. நீங்க படிப்பிச்சது உண்மை. ஆனா மறைச்சது பிழை. அதைப் பணிவு எண்டு நினைச்சன் யோகா. நேற்று முழுக்க யோசிச்சுப் பாத்தன். அதுக்குள்ளயும் என்ர பெருமைதான் ஒளிச்சிருந்திருக்கு. நான் ஆரெண்டு தெரியாம இவ்வளவு ஏச்சு வாங்கிறன் பாரும் எண்டு, கடவுளுக்குக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறன். உங்களை நினைக்கேல்ல. என்னை மன்னியுங்கோ."

கைகளைக் கூப்பித் தலை குனிந்து நின்றார். யோகாக்கா அவரைப் பார்த்தார். திடீரென்று மூக்கைச் சுளித்தார்.

"ஐயோ, சோறு அடிப்பிடிக்குது! பக்கத்தில நிண்டுகொண்டு மன்னிப்புக் கேக்கிறா! இறக்கு கா! கெதியா இறக்கு கா!"

சிஸ்டர் பாய்ந்து, துணியால் பிடித்துப் பானையை இறக்கினார். யோகாக்கா அகப்பையால் அடிவரை கிண்டிப் பார்த்தார். கரி.

"ரெண்டு வருசம் படிச்சும் ஃபெயில்," என்றார்.

சிஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யோகாக்காவும் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினார். "மெய்தான் கா, இந்த ஆளுக்கு மந்திரிமார் எழும்பி நிண்டவங்களாம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு மீன் சட்டியைச் சிஸ்டரின் பக்கம் தள்ளி, "உரிங்க," என்றார்.

மதியச் சோற்றில் புகை மணத்தது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். சிஸ்டர் நிர்மலா முகம் சுளிக்காமல் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார். மணலைக் குழம்பு அருமை.

மாலை 3.30. புறப்படும் நேரம். அதிகாலை ரயிலைப் பிடிக்க அன்றிரவு நகரத்தில் தங்க வேண்டும். சிஸ்டர் உறையோடு வந்தார். முதல் பக்கத்தை மட்டும் என்னிடம் தந்தார். அடியில் கையெழுத்து இல்லை.

"விருப்பமில்லாம இல்லை பிள்ளை. அந்தப் பள்ளிக்கூட மணிச் சத்தம் இன்னும் என்ர காதில கிடக்கு. கூப்பிட்டா வருவன். இஞ்சயே இரு எண்டா இருப்பன். வேற எங்கயும் போகச் சொன்னாலும் போகவேணும், அது எனக்கு இப்ப கஷ்டமா இருக்கும். ஆனா நானே கேட்டு எழுதினா, பிறகு அது நான் போற வழி. கடவுள் கூட்டிக்கொண்டு போற வழி இல்லை."

"மற்றப் பக்கங்கள்?"

"பேர் எழுதின பக்கங்கள் எனக்கு வேணும். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கமா வைச்சுச் செபிக்கலாம்."

துறைவரை சிஸ்டரும் யோகாக்காவும் வந்தார்கள். யோகாக்கா ஒரு சட்டி எருமைத் தயிரை என் கையில் திணித்தார். பாதை கரையை அணுகிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, அங்க இவவுக்கு எல்லாரும் எழும்பி நிண்டுகொண்டேதான் இரிந்தீங்களா? பத்தொன்பது வருசமும்?"

"ஓம் அக்கா."

"பாவம் கா," என்றார் சிஸ்டரைப் பார்த்து. "ஒருத்தரும் ஒண்டும் சொல்லிக் குடுக்காம."

திங்கட்கிழமை, காலை 6.10. கல்லடியில் தங்கிய அறைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நுளம்பு வலை நல்லது, தேநீர் பரவாயில்லை. ரயில் நேரத்துக்குப் புறப்பட்டது.

நாங்கள் எழுதிய விண்ணப்பம் அன்பினால் எழுதியதுதான். ஆனால் அன்பு மட்டுமல்ல என்பது ஏறாவூர் தாண்டும்போது எனக்குத் தெளிவாயிற்று. எங்கள் அதிபர் பெரியவராக இருந்தால்தான் நாங்கள் பெரியவர் ஒருவரின் பிள்ளைகள். அவர் வெங்காயம் வெட்டினால், அது எங்கள் பெருமையில் விழுந்த வெட்டு. இதை ஆசிரியர் கூட்டத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் சொல்லத்தான் போகிறேன்.

கல்லூரியில் என் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் வெளியே நின்று தட்ட வேண்டும். நான் எழுந்து போய் யாரையும் பார்த்து வெகுகாலம். படுவான்கரையில் மூன்று நாளும் என் பதவியை யாரும் கேட்கவில்லை. 'தங்கச்சி, இஞ்ச வாங்க', 'இதக் கொஞ்சம் பிடிங்க', 'தண்ணி அள்ளி வாங்க' என்று கூப்பிட்டார்கள். போனேன், பிடித்தேன், அள்ளினேன். நன்றாகத்தான் இருந்தது.

வெலிக்கந்தைக்குப் பிறகு எதிர் ஆசனத்தில் இருந்த இளம் தாய், இரண்டு இரவு கண் விழித்தவள்போலிருந்தவள், "அக்கா, பிள்ளயக் கொஞ்சம் வச்சிரிக்கிறீங்களா?" என்று நீட்டினாள். என் மடியில் வந்ததும் குழந்தை தூங்கிவிட்டது. சிறிது நேரத்தில் தாயும் தூங்கிவிட்டாள். பொலன்னறுவையில் தேநீர்க்காரர் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். கால் மரத்துப் போயிருந்தது. அசையாமல் இருந்தேன்.